எட்டாம் எண் நாய்க்கு ஓர் அர்ச்சனை

மொன்ட்ரியாலுக்குப் போய்வந்தவர்கள் ஊர் நடுவில் இருக்கும் மலையைப் பற்றி எழுதுவார்கள், பழைய தேவாலயங்களைப் பற்றி எழுதுவார்கள். நான் அங்கே எட்டு நாள் இருந்தேன். மலையைப் பேருந்து ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்தேன். மீதி நேரத்தையெல்லாம் ஒரு நாய் தின்றுவிட்டது. அந்த நாயாவது மொன்ட்ரியாலில் இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. அது ஆஸ்திரேலியாவில் இருந்தது.

நான் கோவில்பட்டியில் கால்நடை மருத்துவன். மாடு, ஆடு, கோழி, அப்புறம் எங்கள் பக்கத்து வேட்டை நாய்கள். என் அக்கா பாக்கியம் முப்பத்தொரு வருடமாக மொன்ட்ரியாலில் இருக்கிறாள். அத்தான் சிவநேசன் பருத்தித்துறைக்காரர். போர்க்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்து கணக்கு டியூஷன் எடுத்தவர். அக்காவைக் கட்டிக்கொண்டு கனடா போனவர். அவரோடு இருந்து இருந்து அக்காவின் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சாகிவிட்டது. ஜூலை மாதம் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ ஒருக்கா நேரில வந்து இந்த மனுசனோட கதை. என்னால ஏலாது."

விஷயம் இதுதான். அத்தானுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. பதினான்கு மாதம் காத்திருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. அத்தான் போகமாட்டேன் என்கிறார். இந்தத் தேதியை விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதுவரை இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால்கரியில் வேலை பார்க்கும் ஒரே மகள் போனில் அழுதும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நான் மாட்டு டாக்டர்" என்றேன்.

"அவருக்கு அது போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் போய் இறங்கினேன். நான் வந்தேன், என் பெட்டி வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தவர்களுக்கென்று ஒரு கவுன்ட்டர். அங்கே இருந்த பெண் முதலில் பிரெஞ்சில் பேசினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். "உங்கள் பெட்டி பாரிஸில் நலமாக இருக்கிறது" என்றாள். நான் பெட்டியின் நலத்தை விசாரிக்கவே இல்லை. அதற்குள்ளே நாலு கிலோ கடலை மிட்டாய், என் துணிமணி முழுக்க, இரத்த அழுத்த மாத்திரை. மாத்திரை இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அழுத்தம் ஏறும்படி எல்லாம் நடந்தது.

பேருந்து பாதி வழியில் நின்றது. முன்னால் சாலை முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகள். கோடைக்காலத்தில் இந்த ஊரில் மரத்தைவிடக் கூம்பு அதிகம். ஓட்டுநர் எழுந்து நின்று பிரெஞ்சில் ஏதோ அறிவித்தார், எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். "பாதையை மூடிவிட்டார்களாம். ஏனென்று அவருக்கும் சொல்லவில்லையாம். நமக்கெல்லாம் நடக்கப் பிடிக்கும் என்று நம்புகிறாராம்" என்றார். எங்கள் ஊரிலும் சாலையைத் தோண்டுவார்கள். ஆனால் ஓட்டுநர் பருத்திக்காட்டுக்குள் விட்டாவது ஊர் கொண்டுசேர்ப்பார். இங்கே சட்டத்தை மதித்து எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்தார்கள். நானும் நடந்தேன்.

அக்கா வீடு கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தான் கீழே வந்து நின்றிருந்தார். "வாரும் மச்சான், பயணம் சுகமோ?" என்று கட்டிக்கொண்டார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்ற அறிவிப்பு. மூன்று மாடியிலும் அதே அறிவிப்புதான். மூன்று முறையும் முழுதாக வாசித்தார். மனிதர் மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்பது எனக்கு இரண்டாவது மாடியிலேயே புரிந்துவிட்டது.

இரவுச் சாப்பாடு புட்டும் சொதியும். அத்தானுக்கு உப்பு ஆகாது என்பதால் வீட்டில் யாருக்கும் உப்பு கிடையாது. அத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, உப்பில்லாத சொதியைச் சாப்பிட்டேன். வெளியே சென்னையைத் தோற்கடிக்கும் புழுக்கம். கனடா என்றால் குளிர் என்று சொல்லி என் மனைவி எடுத்து வைத்த ஸ்வெட்டர் மட்டும் கைப்பையில் பத்திரமாக இருந்தது.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. கூடத்துக்கு வந்தால் அத்தான் ஊறுகாய் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு நாய்கள், எட்டு நிறச் சட்டை, ஒரு பொம்மை முயலின் பின்னால் பறக்கின்றன.

"ஆஸ்திரேலியாவில இப்ப பின்னேரம்" என்றார். "இரும், இருந்து பாரும். நீர் நாய் டொக்டர் எல்லோ."

அத்தான் இங்கே ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்த்தவர். அதிகாலை வேலைக்கு எழுந்து பழகிய உடம்பு. ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுமாம். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எங்கே என்ன நடக்கிறது என்று தேடியதில் இந்த நாய்ப்பந்தயம் அகப்பட்டிருக்கிறது. ஐந்து வருடமாகத் தினமும் பார்க்கிறார். தினமும் ஏதாவது ஒரு நாய் மேல் இரண்டு டாலர், ஐந்து டாலர் கட்டுகிறார். அநேகமாகத் தோற்கிறார்.

வருகிற சனிக்கிழமை பெரிய பந்தயம் என்றார். தேசிய அளவில் நெடுந்தூர ஓட்டத்தின் இறுதிச்சுற்று. ஒவ்வொரு மாகாணத்திலும் தேறிய நாய்கள் ஓடும். எழுநூறு மீட்டருக்கு மேல்.

"மற்ற நாயள் ஐந்நூறோட நிண்டிடும் மச்சான். கடைசி இருநூறு ஓடுறதுக்குக் கால் காணாது. நெஞ்சு வேணும்."

நெஞ்சில் சுருங்கிய வால்வை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். எனக்கு நாய்ப்பந்தயமே பிடிக்காது. பின்னங்கால் கணு உடைந்து கொண்டுவரும் நாய்களுக்குக் கட்டுப் போட்டவன் நான். ஆனாலும் வந்த இரண்டாம் நாளே சண்டை வேண்டாம் என்று தலையாட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் சண்டை வந்தே விட்டது. அக்கா தொடங்கினாள், நான் சேர்ந்துகொண்டேன். வால்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அத்தான், "எனக்கு ஒண்டுமில்லை. பேந்து பாப்பம்" என்றார். அக்கா, "பேந்து எண்டால் எப்ப?" என்று கத்தினாள். மேல் மாடிக்காரர் தரையைத் தட்டினார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அத்தான் இரண்டு கையையும் தூக்கினார்.

"சரி. சனிக்கிழமை நான் சொல்லுற நாய் வெண்டால் திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறன். தோத்தால் அதோட விடவேணும். ரெண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது."

"அத்தான், என்ன விளையாட்டு இது? உயிர் விஷயம்" என்றேன்.

"எந்த நாய்?" என்று கேட்டாள் அக்கா.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் நம்பர். ரோஸ் சட்டை. டஸ்டி எண்டு பேர்."

"கையடிச்சுச் சொல்லுங்கோ."

அவர் அவள் கையில் அடித்துச் சொன்னார். பிறகு அடுக்களைக்குள் போய் அவளைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். "என்னக்கா, பைத்தியமா உனக்கு?" என்றேன். "பதினாலு மாசத்தில அவர் 'போறன்' எண்டு சொன்னது இண்டைக்குத்தான் தம்பி" என்றாள்.

வியாழக்கிழமை பெட்டியைத் தேடிப் புறப்பட்டேன். நகரத்துக்குள் ஓர் அலுவலகத்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. போகும் வழியில் மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார்கள். எதிரே இருந்த மாணவன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது: "எப்போது கிளம்பும் என்று பிறகு சொல்வார்களாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம்." இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. அலுவலகத்தில் பெட்டி இல்லை. வேறு யாரோ ஒருவருடைய ஹாக்கி மட்டையை எனக்குக் காட்டினார்கள்.

பசி. ஒரு கடையில் பூட்டின் என்ற பண்டம் வாங்கினேன். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டியைப் போட்டு, அதன் மேல் பழுப்பு நிறக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மொறுமொறுவென்று பொரித்ததை எதற்காக நனைக்க வேண்டும் என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் உப்பு இருந்தது. மூன்று நாளில் முதல் உப்பு. முழுவதையும் வழித்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டபடியே கைபேசியில் அந்தப் பந்தயத்தைத் தேடினேன். எல்லா நாய்களின் சரித்திரமும் அதில் இருக்கிறது. பிறந்த தேதி, எடை, ஓடிய ஓட்டங்கள். டஸ்டி மூன்று வயதுப் பெண் நாய். குறுந்தூரத்தில் நிறைய வென்றிருக்கிறது. நெடுந்தூரம் மூன்றே முறை ஓடியிருக்கிறது, அதில் இரண்டு முறை கடைசி. அதன் மாகாணத்தில் முதலில் வந்த நாய்க்குக் காயம் பட்டதால் இதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓட்டம் தொடங்கும் பெட்டியும் ஆக வெளியோரத்தில், எட்டாவது. டஸ்டி வென்றால் ஒரு டாலருக்கு அறுபது டாலர் தருகிறார்கள். ஜெயிக்காது என்ற நம்பிக்கை அவர்களுக்கு அவ்வளவு.

ஐந்து வருடமாக இந்த நாய்களைப் பார்க்கிறவருக்கு இது தெரியாதா? எட்டாம் தேதியில் முடிகூட வெட்டிக்கொள்ளாத மனிதர் எட்டாம் எண்ணைச் சொல்லியிருக்கிறார். இருக்கிறதிலேயே மட்டமான நாயாகப் பார்த்து எடுத்து, தோற்றுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நடக்கப் போவோம் என்று அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தெரு தாண்டியதும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், அந்த நாய் ஜெயிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஓம்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்குத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. எதிரே ஒரு தாய் பிள்ளையை ஊஞ்சலில் ஆட்டுவதை அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவத்தாறு வருசம் ஆக்களைத் தள்ளிக்கொண்டு போனனான் மச்சான். ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில விட்டிட்டு அடுத்த ஆளை எடுக்கப் போவன். பின்னேரம் திரும்பிக் கூட்டிக்கொண்டு வரப் போனால் சில பேர் அங்க இல்லை. நான் ஒருத்தரிட்டையும் கேக்கிறேல்லை. கட்டிலைத் துடைச்சு வைச்சிட்டு வந்திடுவன்."

"அது நூத்துல ஒண்ணு ரெண்டு அத்தான். பொழச்சு வந்தவங்க எத்தனை பேரு?"

"வந்தவையின்ர முகம் ஒண்டும் ஞாபகமில்லை. வராதவையின்ர முகம் எல்லாம் கிடக்கு."

மருத்துவனாக எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

"இதை அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன் கடைசியில்.

"சொன்னால் அவவும் பயப்பிடுவா. வேண்டாம். நீரும் சொல்லாதையும். நாய் தோத்தால் அவவுக்கு என்னில கோவம் வரும், அவ்வளவுதான். கோவம் எண்டால் அவ தாங்குவா."

என் தலையில் இதைக் கட்டிவிட்டு எழுந்து நடந்தார். எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் கோபம், பாரிஸில் நலமாக இருக்கிற பெட்டி மேலும் கோபம். அக்காவிடம் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்தேன்.

சொல்ல வாய்ப்பும் கிடைத்தது. அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். முருகன் கோயில் ஊருக்கு வெளியே மேற்கில் இருக்கிறது. இரண்டு பேருந்து மாற வேண்டும். இரண்டாவது பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பேச்சை எடுக்கலாம் என்று இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, உந்தப் போனில பிறந்த தேதியைப் போட்டால் நட்சத்திரம் சொல்லும் எல்லோ?"

"சொல்லும். யாருக்கு?"

"அந்த நாய்க்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை தெரிந்தது. இது இரண்டாவது முறை. பிறகு அக்கா சொன்னபடி டஸ்டியின் பிறந்த தேதியைப் போட்டேன். பிறந்த நேரம் கேட்டது. நாய்க்கு யார் நேரம் குறித்து வைத்தார்கள்? நண்பகல் என்று போட்டேன். மகம், சிம்ம ராசி என்று வந்தது. அக்கா அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததைப் பார்த்த பிறகு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் குருக்கள் கேட்டார்.

"பேர்?"

"டஸ்டி" என்றாள் அக்கா.

மொன்ட்ரியாலில் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். கண் இமைக்கவில்லை.

"நட்சத்திரம்?"

"மகம். சிம்மராசி."

"பேத்தியோ?"

அக்கா ஒரு விநாடி முருகனைப் பார்த்தாள். "ஓம் ஐயா" என்றாள். "நாளைக்கு ஒரு ஓட்டப் போட்டி."

"நல்லா ஓடுவா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் சமஸ்கிருதத்துக்கு நடுவே டஸ்டியின் பெயரை மூன்று முறை சொல்லி அர்ச்சனை செய்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று விசாரித்தாள். நான் காலணி வைத்த இடத்தைத் தேடிப் போய்விட்டேன். வீடு வந்ததும் அக்கா விபூதியைக் கொஞ்சம் எடுத்து அத்தானின் கைபேசித் திரையில் பூசினாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா குளித்துப் பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். கதவோரம் ஒரு பை. ஆஸ்பத்திரிக்கான துணி, துண்டு, பற்பசை எல்லாம் வைத்து எப்போது கட்டினாளோ தெரியாது. அத்தானின் பார்வை அந்தப் பைப் பக்கமே போகவில்லை.

நாய்களை நடத்திக்கொண்டு வந்தார்கள். என் தொழில் புத்தி விடவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாம் எண்தான் எல்லோரும் பணம் கட்டியிருக்கும் நாய். நல்ல தொடை, ஆனால் கயிற்றை இழுத்து இழுத்துப் பாதிப் பலத்தை அங்கேயே செலவழித்தது. டஸ்டி ரோஸ் சட்டையில் கடைசியாக வந்தது. சாம்பல் நிறம், ஒடுங்கிய வயிறு. நடுவில் நின்று சாவகாசமாக மலம் கழித்தது.

"நல்ல சகுனம்" என்றேன், என்னை அறியாமல். உடம்பில் பாரமில்லாத நாய் இலேசாக ஓடும். எங்கள் பக்கத்து வேட்டைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அத்தான் திரும்பி என்னை முறைத்தார்.

பொம்மை முயல் சுற்றி வந்தது. பெட்டிகள் திறந்தன. டஸ்டி நன்றாகக் கிளம்பவில்லை. ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்தது. அத்தான் மூச்சு விட்டார். முதல் வளைவில் முதலாம் எண் வெளிப்பக்கம் வெட்டியது, இரண்டும் நான்கும் அதன் மேல் மோதின, பின்னால் வந்தவையும் அதில் சிக்கிச் சிதறின. வெளியோரமாகத் தனியாக வந்துகொண்டிருந்த டஸ்டிக்கு முன்னால் திடீரென்று பாதை வெறுமையாக இருந்தது. அது யாரையும் முந்தவே இல்லை. மற்றவர்கள்தான் காணாமல் போனார்கள்.

"முருகா" என்றாள் அக்கா.

எதிர்ப்பக்க நேர்கோட்டில் டஸ்டி நாலு உடம்பு நீளம் முன்னால். நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைசி இருநூறு மீட்டரில் அதற்குத் தளர்ந்தது. தலை ஏறி இறங்க ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. ஐந்தாம் எண் மஞ்சள் சட்டை நெருங்கி நெருங்கி வந்தது. "ஓடு பிள்ளை, ஓடு" என்று அக்கா கத்தினாள். மேல் மாடிக்காரர் தரையைத் தட்டினார். கழுத்தளவில் டஸ்டி வென்றது. நாற்பத்திரண்டு விநாடி.

அக்கா கைகூப்பி நின்றாள். நான் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். நாய்ப்பந்தயம் பிடிக்காதவன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த நிமிடத்தில் அது எனக்கு ஞாபகமில்லை. அத்தான் மட்டும் ஆடாமல் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கட்டினீங்கள்?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஒண்டுக்கு அறுபது எண்டு தம்பி சொன்னவன். அஞ்சு டொலர் கட்டியிருந்தாலே..."

அத்தான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எவ்வளவு?"

"கட்டேல்லை."

"ஒரு டொலரும்?"

"இல்லை."

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. கைபேசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருட யாழ்ப்பாணப் பேச்சு ஒரே நொடியில் போய், கோவில்பட்டி வந்துவிட்டது.

"அஞ்சு வருசமா ஒண்ணுக்கும் ஆகாத நாய்க்கெல்லாம் தெனம் கட்டுனீக. நான் சாமிகிட்டப் போயி நின்னு கேட்ட நாய்க்கு ஒத்த ரூவா கட்ட மனசு வரல. தோக்குற நாயாப் பாத்துத்தான் என் கையில அடிச்சீகளா?"

"பாக்கியம்..."

"எங்கிட்ட இருந்து தப்பிச்சுப் போறதுக்கு நாய் வேணுமா ஒங்களுக்கு?" என்னிடம் திரும்பினாள். "ஒனக்கும் தெரியும்லடே?"

"நேத்திலிருந்து தெரியும்" என்றேன்.

"கோயில்ல நின்னியே என் பக்கத்துல."

அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. அன்று காலைச் சாப்பாடு இல்லை. மதியம் பெட்டி வந்தது. கடலை மிட்டாய் முழுக்கப் பொடியாகி, சட்டைகளில் வெல்லம் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தான் அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். அவள் பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், பருப்பில் கல் பொறுக்கினாள். எனக்கு இருவரையும் ஓர் அறையில் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்படலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அத்தான் தானாகக் குளித்துவிட்டு, கதவோரம் இருந்த பையை எடுத்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தான் தூக்கிக்கொண்டாள். பாரம் தூக்கக் கூடாதவர். மூன்று மாடி இறங்கினோம். அறிவிப்பை வாசிக்காமலே ஒவ்வொரு மாடியிலும் நின்றார். நாங்களும் நின்றோம்.

அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனை. ஹைட்டிக்காரப் பெண் ஒருத்தி அவரைக் கட்டிலோடு தள்ளினாள். படுத்தபடியே அவளுக்குப் பிரெஞ்சில் ஏதேதோ உத்தரவு போட்டார். அக்கா எனக்குச் சொன்னாள்: "லிஃப்ட் வாசலில ஒரு மேடு கிடக்காம். கட்டிலின்ர பின்சில்லைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுறார்." சனிக்கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்தப் பெண், "எனக்குத் தெரியும் ஐயா, நான் இங்கே எட்டு வருடமாக இருக்கிறேன்" என்றாளாம்.

தியேட்டர் வாசலில் கட்டில் நின்றது. இதற்கு மேல் நாங்கள் போகக் கூடாது. அத்தான் அக்காவின் கையைப் பிடித்தார்.

"பயமாக் கிடக்குது பாக்கியம்."

"இத முன்னமே சொல்லியிருந்தா என்ன?" என்றாள் அக்கா. கையை மட்டும் அவள் விடவில்லை. அந்தப் பெண் இரண்டு முறை கேட்ட பிறகுதான் விட்டாள். கதவு மூடியது.

ஆறு மணி நேரம். காத்திருக்கும் அறையில் ஓர் இயந்திரத்தில் காபி விற்கிறார்கள். இரண்டு டாலரைப் போட்டால் காபி வருகிறது, கோப்பை வருவதில்லை. அதையும் இந்தப் பயணத்தில் கண்டுகொண்டேன். பிற்பகலில் ஒரு டாக்டர் வந்து, வால்வை மாற்றியாகிவிட்டது, எல்லாம் சரியாகப் போயிருக்கிறது, கண் விழிக்கும்வரை பொறுங்கள் என்றார். பொறுத்தோம். அக்கா நாற்காலியில் நிமிர்ந்தே இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்களை உள்ளே விட்டார்கள். மூக்கிலும் கழுத்திலும் குழாய்கள். அத்தான் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. அக்கா குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் எனக்கு விளங்கவில்லை.

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"பத்து டொலராவது கட்டியிருக்கலாமாம்" என்றாள் அக்கா. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றபடி, நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஓவென்று அழுதாள்.